கைக்குழந்தையின் மலப் பரிசோதனைத் தாளில் பெரியவர்களின் அளவுகோல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 33 ஆண்டுகள் நுட்பநராகப் பணிசெய்து ஓய்வு பெற்றவள் நான். ரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்து, அச்சடித்த தாளில் விடை எழுதிக் கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்தத் தாள் என் மேசையை விட்டுப் போன பிறகு ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கடந்த மாதம் என் சொந்த வீட்டில்தான் நேரில் பார்த்தேன். பச்சிளங்குழந்தைகளின் மலப் பரிசோதனை முடிவுகள் எப்படித் தவறாகப் படிக்கப்படுகின்றன என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பெற்றோருக்கும் ஆய்வகங்களில் பணிபுரியும் என் இளைய சகாக்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளின் பெண் குழந்தைக்கு அப்போது 47 நாள் ஆகியிருந்தது. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, பச்சை கலந்த மஞ்சளாக, நடுநடுவே தயிர்த் திப்பி போன்ற வெள்ளைத் துணுக்குகளோடு, சில நேரம் பட்பட்டென்று காற்றோடு சேர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இது மாந்தம், பால் செரிக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உறவினர் வீட்டுத் துக்கத்துக்காக வெளியூர் போயிருந்த இரண்டு நாளில், மாப்பிள்ளை பதறிப்போய், மருத்துவரைக்கூடப் பார்க்காமல், குழந்தையின் மலத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு நேராக ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். மாலையில் அவருடைய கைப்பேசிக்கு அறிக்கை வந்தது. நிறம் பச்சை கலந்த மஞ்சள், தன்மை இளகல், வினை அமிலம், சளி உண்டு, ரெடியூசிங் சப்ஸ்டன்ஸ் (செரிக்காமல் மலத்தில் மிஞ்சிய சர்க்கரை) பாசிட்டிவ் என்று இரண்டு கூட்டல் குறிகள், கொழுப்புத் துளிகளுக்கு ஒரு கூட்டல் குறி, சீழ் அணுக்கள் நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 3 முதல் 5. இவற்றுக்கு எதிரே வலப்பக்கத்தில் "இயல்பு அளவு" என்ற தலைப்பின் கீழ்ப் பழுப்பு, கட்டி, நடுநிலை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத வரிகளெல்லாம் தடித்த சிவப்பு எழுத்தில் இருந்தன. ஏறக்குறைய எல்லா வரிகளுமே அப்படித்தான் இருந்தன.

அந்தத் தாளை மட்டும் கைப்பேசியில் பார்த்த ஒரு மருத்துவமனையில், குழந்தைக்கு லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை என்றும், ஒரு வாரம் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு லாக்டோஸ் இல்லாத பால்பவுடரைக் கரைத்துக் கொடுக்கும்படியும் சொல்லியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது மகள் பின்னறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இருந்தது. குழந்தை அழும்போதெல்லாம் பால் தானாகக் கசிந்து தோளில் போட்டிருந்த துண்டு நனைந்துகொண்டிருந்தது. "என் பாலே அவளுக்கு விஷமாப் போச்சாம்மா?" என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான், ஆசிரியர் அவர்களே, இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மறுநாள் காலை குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. முதலில் குழந்தையின் துணிகளைக் கழற்றி எடைபோட்டார். பிறந்தபோது 2.9 கிலோ, அன்றைக்கு 4.1 கிலோ. அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 25 கிராம் கூடியிருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் ஒரு குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் பால் போதிய அளவு கிடைக்கிறது, உடலிலும் சேர்கிறது என்று பொருள். எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள், பாலை இழுத்துக் குடிக்கிறாளா, வாந்தி உண்டா என்று கேட்டார். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஆசனவாயைச் சுற்றித் தோல் புண்ணாகியிருக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகுதான் அறிக்கையை வாங்கிப் படித்து, "இது தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம், அவ்வளவுதான்" என்று சொல்லிக் குழந்தையை மகளின் மடியில் கொடுத்தார். ஐந்து நாளுக்கு முன்புதான் ஆறாவது வாரத்துக்குரிய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்தின் முதல் தவணை கொடுத்திருந்தோம் என்பதையும் அவர்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தச் சொட்டு மருந்துக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு ஓரிரு நாள் இளகிப் போவதுண்டு. பரிசோதனைக்கு முன் ஆய்வகத்தில் இதை யாரும் கேட்கவில்லை. என் பணிக்காலத்தில் நானும் எவரிடமும் கேட்டதில்லை.

இனி அந்தத் தாளை வரிவரியாகப் படிப்போம். வலப்பக்கத்து "இயல்பு அளவு" வரிசை வர்ணிப்பது சோறும் குழம்பும் காய்கறியும் உண்ணும் ஒரு பெரியவரின் மலத்தை. பால் மட்டுமே குடிக்கும் ஒன்றரை மாதக் குழந்தைக்கு அது எவ்விதத்திலும் பொருந்தாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ, கடுகு அரைத்தது போன்ற குழைவோடு, புளித்த வாசனையோடு இருக்கும். சில குழந்தைகள் நாளுக்குப் பத்து முறை போவார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு அதே குழந்தை ஏழெட்டு நாள் போகாமல் இருந்து, பிறகு இளகலாகவே போவதும் உண்டு. ஒரு குழந்தைக்கு வழக்கமாக எப்படிப் போகிறதோ, அதிலிருந்து திடீரென்று மாறித் தண்ணீராகவும் அதிக அளவிலும் போனால்தான் அது வயிற்றுப்போக்கு. எத்தனை முறை என்ற எண்ணிக்கை மட்டும் வயிற்றுப்போக்கைக் காட்டாது.

பெரும் குழப்பத்தை உண்டாக்கும் வரி ரெடியூசிங் சப்ஸ்டன்ஸ் என்பது. இந்தப் பரிசோதனையை நான் எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. மலத்தின் நீர்ப்பகுதியைத் தண்ணீரில் கலந்து தெளியவைத்து, அதில் எட்டுச் சொட்டை ஐந்து மில்லிலிட்டர் பெனடிக்ட் கரைசலில் விட்டுக் கொதிக்க வைப்போம். கரைசல் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. சர்க்கரை இருந்தால் அதன் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, மிகுதியாக இருந்தால் செங்கல் நிறத்தில் அடியில் படியும். பார்ப்பதற்கு மிகத் தெளிவான பரிசோதனை. கண்ணெதிரே நிறம் மாறுவதால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது, அது அங்கே இருப்பது நோயா இயல்பா என்பதைச் சோதனைக் குழாய் சொல்வதில்லை.

தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. பசும்பாலில் இருப்பதைவிட இது அதிகம். பச்சிளங்குழந்தையின் சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் நொதி அத்தனையையும் முழுவதுமாக உடைத்து முடிப்பதில்லை. மிஞ்சுவது பெருங்குடலுக்குப் போகிறது. அதோடு, தாய்ப்பாலில் லாக்டோஸை அடித்தளமாகக் கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் இருக்கின்றன. அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை குழந்தையின் பெருங்குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களின் உணவு. இந்த நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையை நொதிக்கச் செய்யும்போது அமிலமும் வாயுவும் உண்டாகின்றன. மலம் புளித்து மணப்பதும், பட்பட்டென்று காற்றோடு போவதும், தாளில் "அமிலம்" என்று எழுதப்படுவதும் இதனால்தான். நோய்க்கிருமிகள் எளிதில் காலூன்றாதபடி குடலைக் காப்பதும் இதே அமிலத்தன்மைதான். ஆகவே தாய்ப்பால் குடித்து நன்றாக எடை கூடிவரும் குழந்தையின் மலத்தில் சர்க்கரை பாசிட்டிவாக இருப்பதும் அமிலமாக இருப்பதும் எதிர்பார்க்க வேண்டியவையே. மகளின் பால் விஷமானதற்கான சாட்சி என்று அவள் நினைத்தது, உண்மையில் அது தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதற்கான அடையாளம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெனடிக்ட் கரைசல் நம் வீட்டுச் சர்க்கரையை நேரடியாகக் காட்டாது. மலத்தை முதலில் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தால்தான் அது பிடிபடும். சேனை தொடுகிறோம் என்று நாக்கில் தடவும் சர்க்கரைத் தண்ணீர், இது வயிற்றுக்கு நல்லது என்று பாட்டிமார் புகட்டும் கற்கண்டுத் தண்ணீர் ஆகியவை இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பித்துவிடும்; தாயின் பாலோ அகப்பட்டுக்கொள்ளும்.

அப்படியானால் இந்தப் பரிசோதனை வீணானதா என்று கேட்கலாம். வீணானதல்ல. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலின் உட்சுவர் சிதைந்து லாக்டேஸ் தற்காலிகமாகக் குறைந்துபோகும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்குத் தண்ணீராகவும் நுரையாகவும் பீய்ச்சிக்கொண்டு போகும், ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்ததுபோல் சிவந்திருக்கும், வயிறு உப்பும், எடை குறையும். அந்தக் குழந்தையின் மலத்தில் ரெடியூசிங் சப்ஸ்டன்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேலும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழும் இருந்தால் மருத்துவருக்கு அது பயனுள்ள துப்பு. அந்நிலையிலும்கூடப் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. குடல் ஆறியதும் சில வாரங்களில் தானே சரியாகிவிடுகிறது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத நிலை மிக மிக அரிது. அது பிறந்த சில நாள்களிலேயே கடுமையான நீர்ப்போக்காகவும் எடை இழப்பாகவும் வெளிப்படும். கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருக்கும் ஒன்றரை மாதக் குழந்தையிடம் அதைத் தேட வேண்டியதில்லை.

மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி ஒரு நுட்பநராகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடையில் வாங்கும் டயப்பர் மலத்தின் நீர்ப்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. சர்க்கரை இருப்பதோ அந்த நீரில். எஞ்சிய திப்பியைச் சுரண்டிக் கொண்டுவந்தால் இருக்க வேண்டிய சர்க்கரையும் இல்லை என்று வரும். டப்பாவில் போட்டு மதியம் வரை வைத்திருந்தால் உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். ஆகவே டயப்பருக்குள் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில் விழும் மலத்தின் நீர்ப்பகுதியைச் சேர்த்து எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, துணியில் சுற்றிய டப்பாவோடு பதினொரு மணி வெயிலில் வந்து நின்ற எத்தனையோ தாய்மாரிடம் நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறேன். "இது பயன்படாதம்மா, பிள்ளையை இங்கேயே கொண்டுவந்து புதிதாக எடுத்துக் கொடு" என்று சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கொழுப்புத் துளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சிளங்குழந்தையின் கணையமும் கல்லீரலும் இன்னும் முழு வேகத்தில் இயங்கத் தொடங்காத பருவம் அது. தாய்ப்பாலின் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறுவது வழக்கம். எடை கூடாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு துர்நாற்றமாகப் போனால் மட்டுமே அதைத் தொடர்ந்து ஆராய வேண்டும்.

சீழ் அணுக்கள் என்ற சொல் பெற்றோரை வெகுவாக அச்சுறுத்துகிறது. வயிற்றுக்குள் எங்கோ புண் பழுத்துச் சீழ் வடிகிறது என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அவை ரத்தத்தின் வெள்ளை அணுக்களே. தாய்ப்பாலிலேயே உயிருள்ள வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒரு பார்வைப் புலத்தில் மூன்று, ஐந்து என்று தென்படுவதால் மட்டும் நோய்த்தொற்று என்று சொல்லிவிட முடியாது. பத்துக்கு மேல், கூடவே சிவப்பணுக்களும் காய்ச்சலும் இருந்தால் சீதபேதிக் கிருமிகளைச் சந்தேகிக்கலாம். சளியும் அப்படித்தான், மூக்கொழுகும் குழந்தை விழுங்கும் சளியும் எச்சிலும் கீழே வந்துதான் ஆக வேண்டும். என் துறையினரின் பழைய தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மலத்தில் இருக்கும் பெரிய வெள்ளை அணுக்களை அமீபா என்று தவறாக அடையாளம் காண்பது ஆய்வகங்களில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு அமீபா சீதபேதி வருவது அரிது. அதோடு, நோய் தரும் அமீபாவின் கூட்டையும் தீங்கற்ற இன்னொரு அமீபாவின் கூட்டையும் சாதாரண நுண்ணோக்கியில் வேறுபடுத்தவே முடியாது. சீழ் அணு, அமீபா என்ற இவ்விரண்டு வரிகளை மட்டும் நம்பிப் பல குழந்தைகளுக்குத் தேவையில்லாத ஆன்டிபயாடிக் சிரப் புகட்டப்படுகிறது.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் "ஈ கோலை வளர்ந்துள்ளது" என்று வந்ததும் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற பட்டியலையும் சேர்த்துத் தந்துவிடுகிறார்கள். அந்த பாக்டீரியா எங்கே கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தியோடோர் எஷரிஷ் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் அதை முதன்முதலில் விவரித்ததே பச்சிளங்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்துதான். அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. மனிதக் குடலில் குடியிருக்கும் உயிரி அது. அதில் நோய் தரும் சில தனி வகைகள் உண்டு. ஆனால் சாதாரணக் கல்ச்சர் அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை.

மலத்தில் கிருமி இருப்பது வேறு, அக்கிருமியால் நோய் இருப்பது வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், டாக்டர் மகராஜ் கிஷன் பான் குழுவினர், பிறந்த குழந்தைகளின் மலத்தில் ஒரு ரோட்டா வைரஸைக் கண்டார்கள். அக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இல்லை. நோய் தராத அந்த வைரஸே பின்னர் 116இ என்ற பெயரில் இந்தியாவின் ரோட்டாவேக் சொட்டு மருந்துக்கு மூலமாயிற்று. அந்த மருந்தின் பெரிய பரிசோதனை டெல்லி, புனே ஆகிய இடங்களோடு நம் வேலூரிலும் நடந்தது. 2016-இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இடம்பெற்றது. அது உயிருள்ள வைரஸ் என்பதால், கொடுத்த சில நாள்களுக்குக் குழந்தையின் மலத்தில் வெளியேறக்கூடும். அந்த நேரத்தில் ரோட்டா பரிசோதனை செய்தால் பாசிட்டிவ் என்று வரலாம். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியும் இதே போன்றது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பலருடைய குடலில் அது எந்தத் தீங்கும் செய்யாமல் இருப்பதால், அந்த வயதில் அதற்காக வழக்கமாகச் சோதிக்கவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்துகிறது. அண்மைக்காலமாகப் பெருநகர ஆய்வகங்களில் செய்யப்படும், குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் பரிசோதனைக்கு ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராம் வரை இயல்பு என்று அச்சிடுகிறார்கள். அது பெரியவர்களுக்கான வரம்பு. முழு நலத்தோடு இருக்கும் கைக்குழந்தையிடம் அது சில நூறுகளைத் தொடுவது சாதாரணம்.

ரத்தத்தைப் பற்றி மட்டும் இத்தனை தைரியமாகப் பேச மாட்டேன். பிறந்த முதல் நாள்களில் குழந்தை பிரசவத்தின்போதோ, தாயின் மார்புக்காம்பு வெடித்திருந்தால் பாலோடு சேர்த்தோ விழுங்கிய ரத்தம் மலத்தில் வரலாம். அது தாயின் ரத்தமா குழந்தையின் ரத்தமா என்று அறிய ஏப்ட் பரிசோதனை என்ற எளிய வழி உண்டு. காரம் சேர்த்ததும் தாயின் ரத்தம் பழுப்பு மஞ்சளாக மாறும், குழந்தையின் ரத்தம் இளஞ்சிவப்பாகவே நிற்கும். ஆசனவாயில் சிறு வெடிப்பு, பசும்பால் புரத ஒவ்வாமை ஆகியவற்றாலும் ரத்தக் கீற்று வரலாம். ஒவ்வாமையாக இருந்தாலும் தாய் தன் உணவில் பால் பொருள்களை மருத்துவர் சொல்லும் காலம் வரை விலக்கிக்கொண்டு பாலூட்டலைத் தொடர முடியும். ஆனால் இவற்றையெல்லாம் வீட்டிலிருந்து முடிவுசெய்யக் கூடாது. இரண்டு மாதம் நிறையாத குழந்தையின் மலத்தில் ரத்தம் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுது, இடையில் துவண்டு, பச்சையாக வாந்தி எடுத்து, சிவந்த ஜெல்லி போல மலம் போனால் அது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது, மலப் பரிசோதனைக்கும் அங்கே வேலையில்லை.

தண்ணீராகப் போகும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் மலப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சை ஒன்றுதான்: தாய்ப்பாலை இன்னும் அடிக்கடி கொடுப்பது, ஓஆர்எஸ் கரைசல், மருத்துவர் சொற்படி துத்தநாகம். துத்தநாகம் இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் தரப்படுகிறது. ரத்தபேதி, 14 நாளுக்கு மேல் நீடிக்கும் பேதி, காலரா பரவுகிறது என்ற சந்தேகம் போன்ற நிலைகளில்தான் பரிசோதனை மருத்துவரின் கையை வழிநடத்தும். உச்சிக்குழியும் கண்ணும் குழிவிழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவள்வது ஆகியவற்றைக் கண்டால் டப்பாவைத் தேடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஆய்வகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாதிரியை வாங்கும்போதே குழந்தையின் வயது எத்தனை நாள், தாய்ப்பாலா புட்டிப்பாலா, எத்தனை மணிக்கு எடுத்தது, அண்மையில் சொட்டு மருந்தோ ஆன்டிபயாடிக்கோ கொடுத்தீர்களா என்று நான்கு கேள்விகளைக் கேட்டு அறிக்கையின் தலையிலேயே எழுதுங்கள். கைக்குழந்தையின் முடிவுக்கு எதிரே பெரியவர்களின் இயல்பு அளவை அச்சிடாதீர்கள். அதற்குரிய அளவு கைவசம் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், சிவப்பு மையைத் தவிருங்கள். "தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இது இயல்பாக இருக்கலாம், மருத்துவரிடம் கேட்காமல் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்" என்று தமிழில் ஒரே ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டத்தை 1992-இலேயே இயற்றி 2003-இல் மேலும் இறுக்கிய நாடு இது. விளம்பரம் செய்ய முடியாத அந்தப் பால்பவுடர் டப்பாவை, தவறாக அச்சிட்ட ஒரு வரிசையின் வழியே நாமே வீட்டுக்குள் அனுப்பிவைக்கிறோம்.

எந்த ஆய்வகமும் தேவைப்படாத, ஆனால் எல்லாவற்றையும்விட அவசரமான ஒரு மலப் பரிசோதனையைச் சொல்லி முடிக்கிறேன். பச்சை நிறத்துக்குப் பயந்து ஓடும் நாம், வெளுத்த மலத்தைக் கண்டு கவலைப்படுவதில்லை. "பால் குடிக்கிற பிள்ளைக்கு வெள்ளையாத்தானே போகும்" என்று விட்டுவிடுகிறோம். சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ மலம் போவதும், பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் காமாலை நீடிப்பதும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியச் செய்வதும் பித்தநாளம் அடைபட்டிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய் உருவாக்கிய அறுவைச் சிகிச்சை அந்நோய்க்கு உண்டு. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தாமதிக்கத் தாமதிக்கக் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும். தைவான் நாட்டில் 2004 முதல், மலத்தின் நிறங்களை வண்ணப்படங்களாக அச்சிட்ட அட்டையைப் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் நலக் கையேட்டிலும் வைத்துக் கொடுக்கிறார்கள். தாய் தன் குழந்தையின் மலத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தேகம் வந்தால் உடனே தகவல் சொல்கிறாள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போட வரும் ஒவ்வொரு தாயின் கையிலும் இப்படியோர் அட்டை இருக்க வேண்டும் என்று நலவாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நிறங்களை எழுத்தில் எவ்வளவு விவரித்தாலும் ஒரு தாய்க்கு அது போதாது. குழந்தைநல மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், இயல்பான மஞ்சள், பச்சை, பழுப்பு ஆகியவற்றையும், கவலைப்பட வேண்டிய வெளிறிய நிறங்களையும் அருகருகே வைத்துத் தங்கள் ஞாயிறு இணைப்பின் வண்ணப் பக்கத்தில் வெளியிட்டால், அதைக் கத்தரித்துத் தொட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளும் வீடுகள் பல இருக்கும். எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
தஞ்சாவூர்.